பழைய சோபாவை எடைபோடாதீர்கள், அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீடுகளில் கழித்துக்கட்டும் சோபா, மெத்தை, பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் போன்ற பெரிய சாமான்களை வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் உள்ளாட்சித் திட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். இத்தகைய திட்டம் எங்கே தொடங்கினாலும் முதலில் நல்ல வரவேற்பு இருக்கும். சில மாதங்களில் ‘பதிவு செய்தும் வண்டி வரவில்லை’ என்ற புகார்கள் வரத் தொடங்கும். அப்புறம் அதே சாமான்கள் தெருமுனையிலும் காலி மனையிலும் கிடக்கும். பணியாளர்களின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையல்ல. கணக்கு பிசகுவது அலுவலகத்தில், திட்டம் போடும்போதே. அன்றாடக் குப்பையை டன் கணக்கில் பார்த்தே பழகிய நிர்வாகம் இதையும் டன்னில் கணக்கிடுகிறது. இல்லாவிட்டால் ‘ஒரு நடைக்கு இத்தனை வீடு’ என்று பட்டியல் போடுகிறது. பெரிய சாமான்களைப் பொறுத்தவரை வண்டி எடையால் நிரம்புவதில்லை, இடத்தால் நிரம்புகிறது.

கணக்கைப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம் இருக்கும். அது அடைக்கும் இடம் 1.5 கன மீட்டர். எடையோ 50 கிலோ சுற்றுவட்டம்தான். இருவர் படுக்கும் மெத்தை அரை கன மீட்டருக்குச் சற்று அதிகம். நடுத்தர ஃபிரிட்ஜும் அவ்வளவுதான், கொஞ்சம் கூட இருக்கலாம். 14 அடி லாரியின் பெட்டி உட்புறம் 4.2 மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 14 கன மீட்டர். ஆனால் சோபாவின் கைப்பிடியும் நாற்காலியின் காலும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காராது. இடைவெளி போக, மூன்றில் இரண்டு பங்கு இடம் பயன்பட்டாலே நல்ல அடுக்கல். அதாவது 9 கன மீட்டர். ஆறு சோபா ஏற்றினால் அந்த லாரி நிறைந்துவிட்டது. ஏறிய எடை 300 கிலோ மட்டுமே. பல டன் சுமக்கும் வண்டி கால் டன்னுக்குச் சற்று மேலே ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. அன்றைய பட்டியலில் இருபது வீடு இருந்து, முதல் ஏழெட்டு வீடுகளிலேயே சோபாவும் அலமாரியும் வந்துவிட்டால், மீதி வீடுகளுக்கு அந்த நடையில் வண்டி போகவே முடியாது. வாசலில் சாமானை இறக்கிவைத்துக் காத்திருப்பவருக்கு இது தெரிய வழியில்லை.

இதற்குத் தீர்வு இருக்கிறது, செலவும் அதிகமில்லை. கால் கன மீட்டரை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சோபா 6 அலகு, ஒற்றை இருக்கை சோபா 3, இருவர் மெத்தை 2, ஃபிரிட்ஜ் 3, இரும்பு பீரோ 4, நாற்காலி 1 என்று ஒரு பட்டியல் தயாரித்துவிட்டால் போதும். மேலே சொன்ன லாரி 36 அலகு கொள்ளும். முன்பதிவை 32 அலகில் நிறுத்திவிட வேண்டும். மீதி நான்கு அலகு, பதிவில் சொன்னதைவிட வாசலில் இருப்பது பெரிதாக இருக்கும் வீடுகளுக்கு. அப்படி ஒரு வீடாவது எல்லா நாளும் இருக்கும். வீடுகளின் எண்ணிக்கை எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் தானாகவே அமைந்துவிடும்: சில நாள் ஆறு வீடு, சில நாள் பதினைந்து வீடு. கூடவே நடைகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். கிடங்கு முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தால், போக வர ஒன்றரை மணி நேரம் சாலையிலேயே போய்விடும். இறக்க அரை மணி. ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு நடைக்கு மேல் எதிர்பார்ப்பது வீண். பகுதிக்கு ஒரு சிறு இறக்குமிடம், கூரையோடு, அருகிலேயே இருந்தால் இன்னொரு வண்டி வாங்காமலே மூன்றாவது நடை கிடைக்கும்.

அலகுக் கணக்கு வந்துவிட்டால் பொதுமக்களிடம் என்ன கேட்கலாம் என்பதும் தெளிவாகும். மூன்று கதவு மர அலமாரி முழுதாக நின்றால் 1.3 கன மீட்டர். 5 அல்லது 6 அலகு. பலகைகளாகக் கழற்றிக் கட்டிவைத்தால் ஓர் அலகு. இப்போதைய பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் பெரும்பாலும் கேம் லாக் என்ற உருளைப் பூட்டுகளால் இணைந்தவை. ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். கதவில் கண்ணாடி இருந்தால் முதலில் அதைத் தனியே எடுத்து, பரப்பின் மேல் பெருக்கல் குறி போல அகலமான டேப் ஒட்டி, நிற்கவைத்தே கொடுக்க வேண்டும். படுக்கவைத்தால் மேலே ஏறும் சுமையில் உடையும். டேப் இல்லாமல் உடைந்தால் பணியாளரின் கையும் காலும் கிழியும். கழற்றித் தருபவருக்குக் குறைந்த அலகு, அதனால் முன்னதாகவே தேதி என்று அறிவித்தால் பலர் கழற்றித் தருவார்கள். முதியவர்களிடம் மட்டும் இதைக் கட்டாயமாக்கக் கூடாது.

அடுத்து, பதிவுப் படிவம். ‘பழைய சாமான், 1’ என்று எழுதி அனுப்ப இடம் கொடுக்கும் படிவத்தால் யாருக்கும் பயனில்லை. பொருள் என்ன, எத்தனை, நீள அகல உயரம் எவ்வளவு, மரமா இரும்பா, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, வாசல்வரை லாரி வருமா அல்லது எத்தனை மீட்டர் தூக்கி வர வேண்டும், மூட்டைப்பூச்சி இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா: இவற்றோடு ஒரு புகைப்படம். புகைப்படம் ஒன்றே பாதி தகராறைத் தீர்த்துவிடும். மூட்டைப்பூச்சிக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறார்கள், தயங்கக் கூடாது. அந்தப் பூச்சி உணவில்லாமலே மாதக்கணக்கில் உயிர்வாழும். பூச்சியுள்ள ஒரு மெத்தையை உறை போட்டு ஒட்டாமல் ஏற்றினால், அதே வண்டியில் மறுபயன்பாட்டுக்குப் போகும் நல்ல கட்டிலும் கெட்டுவிடும். கைபேசியில் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு அலுவலக முகப்பில் காகிதப் படிவமும் தொலைபேசிப் பதிவும் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் விடுபட்டால் சாமான் தெருவுக்குத்தான் வரும்.

‘பெரிய பொருள்’ எது என்பதற்கு அளவு சொல்லாத உள்ளாட்சிகளில் வாசலில் வாக்குவாதம் ஓயாது. இங்கிலாந்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள் இதை அளவில் வரையறுக்கின்றன: 25 கிலோவுக்கு மேற்பட்டது, அல்லது வீட்டுக்குத் தரப்பட்ட குப்பைத் தொட்டியில் அடங்காதது; தொட்டியே தரப்படாத இடத்தில் 750 மி.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள உருளைக்குள் அடங்காதது. அதற்கு உள்ளாட்சி கட்டணம் வாங்கலாம். டோக்கியோவின் 23 வார்டுகளில் ஏதாவது ஒரு பக்கம் சுமார் 30 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய கழிவு. அங்கே முன்பதிவு செய்து, கட்டணச் சீட்டை வாங்கிப் பொருளின் மேல் ஒட்டி, குறித்த நாள் காலையில் வெளியே வைக்கிறார்கள். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், டி.வி., ஏ.சி. ஆகியவை அந்த வண்டியில் ஏறாது. 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டப்படி அவை விற்பனையாளர் வழியாக மறுசுழற்சிக்குப் போகின்றன. எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டாம்பட்சம். ஓர் அளவு எழுத்தில் இருந்தால் வீட்டுக்காரரும் பணியாளரும் ஒரே டேப்பை வைத்து அளந்து முடித்துக்கொள்ளலாம். செங்கல், ஓடு, கழிவறைப் பீங்கான், பெயிண்ட் டப்பா, கேஸ் சிலிண்டர், கல்நார் கூரை ஆகியவை இந்தச் சேவையில் வராது என்பதையும் அதே தாளில் சொல்லிவிட வேண்டும்.

இனி வண்டியைப் பற்றி. அன்றாடக் குப்பையை அமுக்கி ஏற்றும் காம்பாக்டர் லாரி சும்மா நிற்கிறதே என்று அதையே இதற்கும் அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதைக் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தியே சொல்கிறேன். ஸ்பிரிங் மெத்தை அமுங்காது. கம்பிகள் அமுக்கும் தகட்டைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். கம்பியில்லாத துடைப்பான் இயந்திரத்திலோ மின்ஸ்கூட்டரிலோ உள்ள லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளே மின்சுற்று குறுகித் தீப்பிடிக்கும். சுற்றிலும் காகிதமும் ஃபோமும் இருக்கும் பெட்டிக்குள் அந்தத் தீயை அணைப்பது மிகக் கடினம். நசுங்கிய மரத்தில் ஈரக் குப்பை ஏறிய பிறகு அதிலிருந்து மீட்க எதுவும் இராது. வேண்டியது மூடிய பெட்டியும் பின்புற ஹைட்ராலிக் லிஃப்ட் பலகையும் கொண்ட லாரி. திறந்த லாரி என்றால் தார்பாய் அவசியம். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை நனைந்தால் விளிம்பு ஊதி, ஸ்க்ரூ பிடிக்காமல் போய்விடும். காலையில் நன்றாக இருந்த மேசை மாலையில் எரிபொருளுக்கும் ஆகாது, ஏனென்றால் அதன் பசையில் யூரியா ஃபார்மால்டிஹைடு இருப்பதால் சாதாரண அடுப்பில் அதை எரிக்கக் கூடாது.

ஃபிரிட்ஜுக்குத் தனியாகச் சில வரிகள் வேண்டும். அதன் பின்புறத் தகட்டில் எந்தக் குளிரூட்டும் வாயு என்று எழுதியிருக்கும். மிகப் பழையதில் ஆர்-12. அது ஓசோன் படலத்தை அரிப்பது, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாக விலக்கப்பட்டது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப் போல 1,400 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இப்போதையவற்றில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அளவு மிகக் குறைவு, ஆனால் தீப்பற்றும். குழாயில் இருக்கும் வாயு மட்டும்தான் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய பெட்டிகளின் சுவருக்குள் உள்ள காப்பு ஃபோமை ஊதவே ஆர்-11 வாயுவைப் பயன்படுத்தினார்கள். குழாயில் இருப்பதைவிட அந்த ஃபோமில் இருப்பது அதிகம். ஆகவே பெட்டியை உடைப்பதும் கோடாலியால் பிளப்பதும் வெட்டவெளியில் நடக்கக் கூடாத வேலை.

நடைமுறையில் கெடுவது எங்கே என்றால், வாசலில் வைத்த இரவு. கம்ப்ரசரில் செம்பும் இரும்பும் இருப்பதால் யாரோ வந்து கட்டிங் பிளேயரால் இரண்டு குழாய்களை நறுக்கிவிட்டு அதை மட்டும் எடுத்துப் போகிறார்கள். ஒரு நிமிட வேலை. வாயு முழுதும் வெளியே, எண்ணெய் தரையில். கிடங்கில் இறங்கும் ஃபிரிட்ஜ்களில் எத்தனை கம்ப்ரசரோடு வந்தன என்று எண்ணி எழுதினாலே, இரவில் வெளியே வைக்கச் சொல்லும் முறை எவ்வளவு சேதம் செய்கிறது என்று தெரிந்துவிடும். ஃபிரிட்ஜை வீட்டுக்குள்ளிருந்தே நேரடியாக வண்டிக்கு ஏற்ற வேண்டும், நிமிர்த்தி வைத்து, பெல்ட் போட்டு. சாய்த்துப் படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும்; மறுபயன்பாட்டுக்குப் போகும் பெட்டி என்றால் அது கெடுதல். கொஞ்ச நேரம் வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால் கதவைச் சுவர் பக்கம் திருப்பிக் கயிற்றால் கட்டுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். விளையாடும் குழந்தை உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் மூச்சுத் திணறும். இப்படி நேர்ந்த மரணங்களால்தான் அமெரிக்காவில் 1956-லேயே கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்க முடிய வேண்டும் என்று சட்டம் வந்தது.

குழல் வகைப் பழைய டி.வி.யின் புனல் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பின்கழுத்து எளிதில் உடையும். அதைத் திரைப்பக்கம் கீழே படும்படி, அட்டை விரித்து வைப்பதே பாதுகாப்பு. மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும்; பணியாளர் யாரும் அதைத் திறக்கக் கூடாது.

சோபா வெறும் மரமும் துணியும்தானே என்ற எண்ணமும் மாறி வருகிறது. தீப்பிடிக்காமலிருக்க மெத்தை இருக்கைகளில் சேர்த்த டெகாபிடிஇ போன்ற புரோமின் வேதிப்பொருட்கள் சூழலில் சிதையாமல் நீடிப்பவை; சிதையாத நச்சுப்பொருட்களை விலக்குவதற்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் 2017-ல் டெகாபிடிஇ சேர்ந்தது. இங்கிலாந்தில் 2023 தொடக்கத்திலிருந்து இத்தகைய பொருள் கலந்த சோபாக்களைப் புதைக்க அனுமதியில்லை, எரியூட்டி அழிக்கத்தான் வேண்டும். மற்ற சாமான்களோடு கலக்காமல் அவற்றைத் தனியே வைக்கும் ஏற்பாட்டை அங்குள்ள உள்ளாட்சிகள் செய்ய வேண்டியிருந்தது. தீத்தடுப்பு விதி எந்த அளவு கடுமையோ அந்த அளவு இந்த வேதிப்பொருள் சேர்ந்திருக்கும் என்பதால், ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் பகுதியில் விற்ற சோபாக்களின் நிலையை விசாரித்துக்கொள்வது நல்லது.

தூக்குபவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனமில்லை. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலில், உடலோடு ஒட்டி இடுப்பளவில் தூக்கும் நல்ல நிலையிலேயே ஓர் ஆணுக்கு 25 கிலோ என்று இருக்கிறது. இருவர் சேர்ந்தால் 50 ஆகிவிடாது. இருவரது திறனின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான், அதாவது 33 கிலோ. பிடி சரியாக அமையாது, இருவர் அடியும் ஒன்றாக விழாது என்பதே காரணம். ஃபிரிட்ஜ் 60 கிலோ, பெரிய இரும்பு பீரோ அதற்கும் மேல். படிக்கட்டில் இறக்கும்போது கீழே நிற்பவர் மேல்தான் பெரும்பாரம் இறங்குகிறது. டிரைவரோடு ஓர் உதவியாளரை மட்டும் அனுப்பும் உள்ளாட்சி அவர்களது முதுகெலும்பைச் செலவழித்துச் சிக்கனம் செய்கிறது. டிரைவர் தவிர இரண்டு பேர், பெல்ட் உள்ள இரு சக்கரக் கைவண்டி, தோளில் மாட்டித் தூக்கும் பட்டை, வெட்டுப்படாத கையுறை, இரும்பு முனைக் காலணி: இவை இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. மாடியிலிருந்து இறக்குவது சேவையில் உண்டா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தனியே வசிக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்றும், அந்த வீடுகளுக்கு மூன்றாவது ஆள் வருவார் என்றும் இருப்பதே நியாயம்.

எப்போது வெளியே வைப்பது என்பதும் சிறிய விஷயமல்ல. குறித்த நாள் காலையில்தான் வைக்க வேண்டும். இரண்டு நாள் முன்னதாக வைத்தால் மழையில் நனையும், பக்கத்தில் இன்னும் நாலு மூட்டை சேரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையிடும். அந்த முட்டை நீரில்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தாங்கும். மழைநீர் பட்டால் வெப்பமான பருவத்தில் ஏழு முதல் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். ஃபிரிட்ஜின் பின்னால் கீழே உள்ள நீர்த்தட்டு, சோபாவின் பிளாஸ்டிக் உறை மடிப்பு, டயர் எல்லாமே அதற்குப் போதும். ஆகவே கிடங்கிலும் கூரையில்லாத இடத்தில் எதுவும் ஐந்து நாளைத் தாண்டக் கூடாது.

வண்டி வந்தும் எடுக்க முடியாமல் போகும் வீடுகள் இருக்கும்: பதிவில் இல்லாத பொருள், மறித்து நிற்கும் கார், பூட்டிய கதவு. அப்போது பணியாளர் ஒரு படம் எடுத்து, காரணத்தைக் குறித்த சீட்டை வாசலில் ஒட்டிச் செல்ல வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் வீட்டுக்காரர் வண்டியே வரவில்லை என்றுதான் எண்ணுவார். தவறு உள்ளாட்சியுடையது என்றால் அடுத்த நடையில் முதல் வீடு அவருடையதாக இருக்க வேண்டும், புதிதாகப் பதிவு கேட்கக் கூடாது.

கட்டணம் வேண்டுமா என்பதில் இருவேறு கருத்து உண்டு. முழுக்க இலவசம் என்றால் வாடகை வீடுகளைக் காலி செய்யும் வணிகர்கள் வரிசையை நிரப்பிவிடுவார்கள். முதல் பொருளிலிருந்தே கட்டணம் என்றால் இரவில் பாலத்தடியில் கொட்டுவது அதிகமாகும். அதை அள்ளும் செலவும் அதே உள்ளாட்சியின் தலையில்தான் விழும். வீட்டுக்கு ஆண்டுக்குக் குறிப்பிட்ட அலகுவரை இலவசம், அதற்குமேல் அலகுக்கு இவ்வளவு என்பதே சரி என்பது என் கருத்து.

கடைசியாக, ஒப்பந்தம். இந்தச் சேவையைத் தனியாரிடம் விடும் உள்ளாட்சிகள் எடைமேடைச் சீட்டைப் பார்த்து டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கின்றன. 50 கிலோ சோபாவுக்கு வண்டியில் ஆறிலொரு பங்கு இடம் கொடுத்துவிட்டு அந்த ஒப்பந்ததாரர் என்ன சம்பாதிப்பார்? ஆகவே சோபா இருக்கும் வீட்டைத் தவிர்த்து, எடை ஏறும் சாமான் உள்ள வீட்டைத் தேடுவார். சில இடங்களில் பட்டியலில் இல்லாத கட்டட இடிபாடும் ஏறிவிடும். பதிவில் முடித்துக்கொடுத்த அலகுக்கு இவ்வளவு, குறித்த நாளில் எடுக்காத அலகுக்கு இவ்வளவு பிடித்தம், கம்ப்ரசரோடு இறங்கிய ஒவ்வொரு ஃபிரிட்ஜுக்கும் மறுபயன்பாட்டுக்குத் தகுதியாக வந்த ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தொகை என்று எழுத வேண்டும். எடைமேடைச் சீட்டு புதைப்பிடத்துக்குப் போகும் மிச்சத்தை அளக்க மட்டும் பயன்படட்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் உள்ளாட்சி உறுப்பினர்கள் இந்த ஒரு பிரிவையாவது கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்குமாறு உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திடக்கழிவு மேலாண்மைப் பணி அறிந்த வாசகர்